பாட்டியின் குரல் எங்கே?

சுங்கை சிப்புட் பக்கமுள்ள எங்கள் தோட்டத்தில் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. லயத்துச் சனங்களில் பாதிப்பேர் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுக்கும்போது பாடும் பழைய பாட்டை முழுவதுமாக அறிந்தவர் ஒரே ஒரு பாட்டிதான். எண்பதைத் தாண்டிய அவருக்குப் பிறகு அந்தப் பாட்டு இராதே என்ற கவலையில் அதைப் பதிவு செய்யத் துணிந்தேன்.

பள்ளி விடுமுறையில், வகுப்பறைச் சன்னல்களைச் சாத்திவிட்டு, முதலில் பாட்டியைத் தனியாகப் பாட வைத்தேன். பிறகு என் பழைய மாணவர்கள் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே உறுமியும் தப்பும் தனித்தனியாக வாசித்தார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற கணினிச் செயலியில் மூன்றையும் சேர்த்தேன். குரல் அமுங்குகிறதா, குரலை ஏற்று. உறுமி கேட்கவில்லையா, உறுமியை ஏற்று. இப்படியே ஏற்றி ஏற்றிப் பெருமையோடு பாட்டியிடம் கொண்டுபோனேன்.

கண்ணை மூடிக் கேட்டவர், "மோளம் நல்லாத்தான் கேக்குது, வாத்தியாரே. என் கொரலு எங்கய்யா?" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வகுப்பில் மெல்லப் பேசும் பிள்ளையின் குரல் கேட்க வேண்டுமானால் மற்றப் பிள்ளைகளைத்தானே சற்று அடங்கச் சொல்கிறோம்? இருபது ஆண்டு வாத்தியார் வேலையில் அறிந்ததைக் கணினிக்கு முன்னால் மறந்துபோனேன்!

1992-இல் 'ரோஜா' வந்தபோது நான் சிறுவன். பக்கத்து வீட்டுக் கேசட்டில் ஒவ்வொரு கருவியும் தெளிவாகக் கேட்டதை எண்ணி வியந்திருக்கிறேன். அந்தத் தெளிவில் எச். ஸ்ரீதர் என்ற ஒலிப்பொறியாளரின் கையும் இருந்தது பின்னாளில்தான் தெரிந்தது. இந்தியாவின் தேசிய விருதை நான்கு முறை பெற்ற அவர் 2008-இல் மறைந்தார். அத்தகைய காது ஒரே நாளில் வாய்த்துவிடுமா?

ஆகவே இரவுதோறும் அரை மணி நேரம் பழகினேன். எல்லாவற்றையும் அடியோடு இறக்கிவிட்டு, முதலில் குரலை மட்டும் வைப்பேன். மற்றவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பேன். சொல்லின் தெளிவு பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. தப்பின் அடியும் அங்கேயே வந்து விழுந்ததால், அந்தப் பகுதியில் மட்டும் தப்பைக் குறைத்தேன். உரக்க வைத்தால் எல்லாம் நன்றாயிருப்பதுபோல் காது ஏமாறும். மெதுவாக வைத்துக் கேட்டேன். கைப்பேசியிலும் காரிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் போட்டுப் பார்த்துக் குறைகளைக் குறித்துக்கொண்டேன். காது களைத்தால் மறுநாளைக்கு விட்டேன். பழைய கலவைகளை அழிக்கவில்லை. ஒப்பிட்டால்தானே வளர்ச்சி தெரியும்?

பதினேழாவது கலவையைப் பாட்டி கேட்டார். இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. பாதியில் தம் குரலோடு தாமே சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பாட்டுத் தெரிந்த பாட்டியோ தாத்தாவோ இருக்கலாம். கையிலுள்ள கைப்பேசியிலாவது இன்றே பதிந்து வையுங்கள். ஒலிக்கலவை பழகப் பழக வரும். போன குரல் திரும்ப வராது.