கடனா அணைக் கணக்கு

எட்டாம் வகுப்பில் சராசரி, இடைநிலை, முகடு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆழ்வார்குறிச்சியில் எங்கள் வீட்டில் சாயங்காலம் திண்ணையில்தான் வீட்டுக்கணக்கு. தாத்தா பக்கத்தில் பேப்பரோடு இருப்பார். அவர் முதலில் தேடுவது அணை நிலவரத்தை. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, எங்கள் கடனா 85, ராமநதி 84 என்று உச்ச நீர்மட்டங்கள் எல்லாம் எனக்கு அப்படியே மனப்பாடம். கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும் வயல்காரர்களுக்கு அந்தச் சின்னக் கட்டத்தில்தான் உயிர்.

பாடப்புத்தகத்தில் மாணவர்களின் எடை, கிரிக்கெட் ஓட்டங்கள் என்று கணக்குகள் இருக்கும். அவற்றை முடித்ததும் தாத்தா, "இப்ப மழையப் போடுலே" என்பார். ஒரு வாரத்து மழை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுவேன்: 0, 0, 4, 0, 62, 18, 0 மில்லிமீட்டர். கூட்டினால் 84, ஏழால் வகுத்தால் 12.

"இதுல பன்னெண்டு மில்லி என்னைக்குலே பெஞ்சுது?"

ஒரு நாளும் இல்லை. ஏறுவரிசையில் எழுதினால் நடுவில் நிற்பது 0. அதிகத் தடவை வந்ததும் 0. சராசரியைக் கேட்டால் தினமும் நல்ல தூறல்; இடைநிலையைக் கேட்டால் வறட்சி. இரண்டும் சரியான விடைகள். ஆனால் ஆற்றில் வெள்ளம் புரண்டது 62 பெய்த அந்த ஒரே நாளில். மொத்தம் எவ்வளவு என்பது அணைக்கு வேண்டும், எந்த நாளில் பெய்தது என்பது நாற்றங்காலுக்கு வேண்டும். எந்த விடை யாருக்கு உதவும் என்று கேட்கக் கற்றது அந்தத் திண்ணையில்தான்.

சதவீதம் வந்தபோது கடனாவுக்கே போனோம். 85 அடி அணையில் 51 அடி நின்றால் எவ்வளவு? 60 சதவீதம். "அப்ப தண்ணியும் நூத்துக்கு அறுவதா?" என்று கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவசைலத்துப் பக்கம் அணையைப் பார்க்கக் கூட்டிப்போனார். மலை இடுக்கில் அடிப்பகுதி குறுகல். மேலே ஏற ஏற நீர்ப்பரப்பு விரிகிறது. கீழே ஓர் அடியில் நிற்கும் தண்ணீரும் மேலே ஓர் அடியில் நிற்கும் தண்ணீரும் ஒன்றல்ல. ஆகவே 60 சதவீத உயரத்தில் தண்ணீர் 60 சதவீதத்துக்குக் குறைவுதான். அணைகளுக்கு எந்த மட்டத்தில் எவ்வளவு கொள்ளளவு என்று தனி அட்டவணையே வைத்திருப்பது இதனால்தான்.

ஆச்சியின் கணக்கு வேறு. நெல் அளவையில் கோட்டைக்கு 21 மரக்கால். ஒரு மரக்கால் விதைப்பாடு, அதாவது ஒரு மரக்கால் விதை விதைக்கும் நிலம், 8 சென்ட் என்றால், கோட்டை விதைப்பாடு 1 ஏக்கர் 68 சென்ட். வாய்ப்பாட்டுப் புத்தகம் பதினாறோடு நின்றுவிடும். இருபத்தொன்றாம் வாய்ப்பாட்டை அடுப்படியில் ஆச்சி சொல்லித்தந்தாள்.

எங்கள் ஊர் இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அணை நிலவரம் இப்போதும் தினமும் பேப்பரில் வருகிறது. கணக்கு ஆசிரியர்கள் வாரம் ஒரு நாளாவது அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பிள்ளைகளைச் சராசரி எடுக்கச் சொல்ல வேண்டும்.