பிளான்ல இல்லாத மாடி

வீடு வாங்கப் போற மக்களே, வில்லங்கச் சான்றிதழ் சுத்தமா இருக்கு, பட்டா இருக்கு, அப்புறம் என்னன்னு இருந்துடாதீங்க. வில்லங்கம் பதிவான பத்திரங்களைச் சொல்லும், பட்டா நிலத்தைச் சொல்லும். கட்டடம் அனுமதிப்படி இருக்கான்னு ரெண்டுமே சொல்லாது.

போன மாசம் ஆபீஸ் நண்பனோட மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் பார்க்கப் போனேன். நாலாவது மாடி, நல்ல காத்து, விலையும் கம்மி. அப்ரூவ்டு பிளானை வாங்கிப் பார்த்தா, பார்க்கிங் தளத்துக்கு மேல மூணே மாடி! "எல்லாரும் பண்றதுதான் சார்"னு சிரிச்சார் புரோக்கர். நண்பன் அட்வான்ஸா வெச்சிருந்தது அவங்க அப்பாவோட பி.எஃப். பணம்.

மீரட்டில் குடியிருப்பு மனையில் அனுமதியில்லாம கட்டின கடைகளை இடிக்கச் சொன்ன உத்தரவை 2024 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செஞ்சது. பல வருஷம் ஆச்சு, பணம் போட்டாச்சு என்ற வாதமெல்லாம் எடுபடலை. நிறைவுச் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தரணும்னும் அதே தீர்ப்பு சொல்லுது.

அதனால, சீல் வெச்ச பிளானைக் கையில் வெச்சுக்கிட்டு மாடிகளை எண்ணுங்க, பால்கனியை ரூமாக்கியிருக்காங்களா, பார்க்கிங்கில் கடை இருக்கான்னு பாருங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, எவ்வளவு கம்மி விலைன்னாலும் திரும்பி வந்துடுங்க.