பரிசாக வந்த பழைய இலண்டன்

பெருநகரம் ஒன்றுக்குச் சென்று திரும்புவோர் அந்நகரின் அடையாளமாக ஏதேனும் ஒரு பொருளை வாங்கி வருதல் நெடுநாள் வழக்கம். அண்மைக் காலத்தில் அவ்வழக்கத்தில் ஒரு புதுமை புகுந்திருக்கிறது. இன்றைய நகரத்தைக் காட்டும் பொருள்களிலும் பார்க்க, அறுபது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னிருந்த நகரத்தின் சாயலில் இப்பொழுது புதிதாகச் செய்யப்படும் பொருள்களையே மக்கள் விரும்பி வாங்குகின்றனர். இதற்கு இலண்டன் மாநகரம் தக்க சான்று. சிவப்பு இரட்டைத்தட்டு பஸ்ஸும், சிவப்புத் தொலைபேசிக் கூண்டும், நிலத்தடி ரயிலின் வட்டச் சின்னமும் தேநீர்க் கோப்பையிலும் துவாயிலும் பிஸ்கற் தகரத்திலும் ஏறிக்கொண்டு உலகெங்கும் உலா வருகின்றன.

என் வீட்டிலும் அவற்றுள் நான்கைந்து குடியேறியிருக்கின்றன. என் மகள் இலண்டனில் ரூட்டிங் என்னும் பகுதியில் வசிக்கிறாள். ஊருக்கு வரும்போதெல்லாம் இத்தகைய பொருள் ஒன்றை எனக்கெனக் கொண்டு வருவாள். அவற்றைக் கண்ட அயலவர் ஒருவர், "புதுப் பொருளுக்குப் பழைய வேஷம் போட்டு, வேஷத்துக்கும் சேர்த்து விலை வாங்குகிறார்களே!" என்று நகைத்தார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், இப்பொருள்களின் பூர்வீகத்தை ஆராயப் புகுந்தால் வேறொரு செய்தி புலனாகும்.

தொலைபேசிக் கூண்டையே எடுத்துக்கொள்வோம். தெருவோரத்தில் நிற்கப்போகும் ஒரு சிறு கூண்டுக்காக 1924ஆம் ஆண்டில் போட்டி வைத்து வடிவம் தேடினார்கள். அதில் தெரிவானது சேர் கைல்ஸ் கில்பேட் ஸ்கொட் வரைந்த வடிவம். லிவர்பூல் நகரத்துப் பேராலயத்தை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர் அவர். ஆண்டவனுக்கு ஆலயம் எழுப்பியவர், மழைக்கு ஒதுங்கி நின்று பேசும் வழிப்போக்கனுக்கும் ஒரு சிறு கூரை அமைத்துக் கொடுத்தார்.

நிலத்தடி ரயிலின் கதையும் இத்தகையதே. அந்நிறுவனத்தில் 1906இல் சேர்ந்த பிராங் பிக் என்பவர், ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி எல்லோரும் காணும் பொருள்கள் அழகாகவும் தெளிவாகவும் இருத்தல் வேண்டும் என்பதில் உறுதியாயிருந்தார். எழுத்துக் கலையில் வல்லவரான எட்வேட் ஜோன்ஸ்டனைக் கொண்டு, நிலையப் பெயர்களுக்கும் அறிவித்தல்களுக்குமென 1916இல் தனி எழுத்துரு ஒன்றை உருவாக்குவித்தார். பயணிகளின் ஆசனங்களுக்குக்கூட, ஈனிட் மார்க்ஸ் போன்ற கலைஞரைக் கொண்டு கம்பளித் துணிக்குக் கோலம் வரைவித்தார்கள். நாள்தோறும் ஆயிரம்பேர் அமர்ந்தெழுந்தாலும் துணி தேயலாகாது. அழுக்கு எளிதில் கண்ணுக்குத் தெரியலாகாது. அதேவேளையில் அழகும் குன்றலாகாது. இத்தனை கவலையும் வேலைக்குப் போய்வரும் சாதாரண மனிதரின் இருக்கைக்காக! அக்கோலங்களைத் தாங்கிய திண்டு உறைகளை இன்று வரவேற்பறைக்கென வாங்குகிறார்கள்.

எனக்கு வந்த பொருள்களுள் நான் மிகவும் போற்றுவது ஒரு பாத்திரம் துடைக்கும் துவாய். அதில் நிலத்தடி ரயில் வழிகளின் படம் அச்சிடப்பட்டிருக்கிறது. ஹரி பெக் என்னும் படவரைஞர் 1931இல் வரைந்த வடிவத்தின் வழிவந்த படம் அது. முதலில் அதனை ஏற்க மறுத்தனர். 1933இல் அச்சிட்டு மக்கள் கையில் கொடுத்தபோது அதற்குப் பெரும் வரவேற்புக் கிடைத்தது. நிலத்தின் உண்மையான தூரத்தையும் வளைவையும் அவர் பொருட்படுத்தவில்லை. குறுக்காகவும் நெடுக்காகவும் சரிவாகவும் நேர்கோடுகளை இழுத்து, ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறம் கொடுத்தார். எங்கே ஏறுவது, எங்கே மாறுவது என்பதே பயணிக்கு வேண்டியது என அவர் கண்டார்.

மகள் அந்நகருக்குப் போன புதிதில், மொழியும் முகமும் பழகாத அந்நாள்களில், அவளுக்கு வழி காட்டியது இப்படமே. "கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு வந்துவிடுவேன், அம்மா" என்று தொலைபேசியில் சொல்வாள். அக்காலத்தில் அக்கறுப்புக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று அறியாது நான் தவித்ததுண்டு. இன்று என் சமையலறைச் சுவரில் அத்துவாய் தொங்குகிறது. மாலையில் அவள் வேலை முடியும் நேரத்தைக் கணக்கிட்டு, அக்கோட்டின்மேல் விரலை வைத்து ரூட்டிங் வரை நகர்த்திப் பார்ப்பேன். அயலவருக்கு அது துணி. எனக்கோ மகள் வீடு திரும்பும் பாதை.

சென்ற முறை வந்தபோது பேரன் தகரத்தாற் செய்த சிறு பஸ் ஒன்றைக் கொடுத்து, "அம்மம்மா, இது எங்கள் ஊர் பஸ்" என்றான். அது 1956இல் சேவைக்கு வந்து, 2005 டிசெம்பரில் நாளாந்த சேவையிலிருந்து ஓய்வுபெற்ற றூட்மாஸ்டர் வண்டியின் உருவம். அதற்கு முந்திய இனத்து வண்டிகள் இலண்டனில் ஓடி முடித்தபின், இலங்கைப் போக்குவரத்துச் சபையினால் வாங்கப்பட்டுக் கப்பலேறிக் கொழும்புக்கு வந்தவை. இரு நாடுகளிலும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகவே செல்வதால் அவை இங்கும் இடையூறின்றி ஓடின. அறுபதுகளில், சிறுமியாக, தந்தையார் கையைப் பிடித்து மேற்தட்டுக்கு ஏறி, முன்வரிசையிலிருந்து காலி வீதியைப் பார்த்து வந்தவள் நான். இதைச் சொன்னதும் பேரன் கண்ணை அகல விரித்தான். அன்று அத்தகர பஸ் எங்கள் இருவருக்கும் பொதுச் சொத்தாயிற்று.

ஆகவே, இத்தகைய பரிசு வாங்க எண்ணும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அலுமாரிக்குள் பூட்டி வைப்பதற்கென எதையும் வாங்காதீர்கள். உழைப்பதற்கெனப் பிறந்தவற்றின் சாயலை, உழைக்கும் பொருளிலேயே வாங்குங்கள். துவாயானால் ஈரத்தை உறிஞ்சும் பருத்தியா என்று பாருங்கள். கோப்பையானால் கைப்பிடிக்குள் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். கொடுக்கும்போது அதன் கதையையும் சேர்த்துக் கொடுங்கள். கதை இல்லையேல் அது வெறும் சிவப்புத் தகரந்தான்.

பிக்கும் பெக்கும் ஸ்கொட்டும் நினைவுப் பரிசு செய்யப் புறப்பட்டவர்களல்லர். மழையில் நிற்பவனுக்கு ஒதுக்கிடமும், வழி அறியாதவனுக்கு வழியும் அமைக்க முனைந்தவர்கள். நம் ஊர்களில் இன்று எழும் பஸ் தரிப்பிடத்தையும் பெயர்ப் பலகையையும் நாமும் அத்தகைய அக்கறையோடு செய்வோமாயின், நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அவற்றின் சாயலை ஆசையோடு தேடி வாங்கும் காலம் ஒன்று வருமன்றோ?