மூன்று கலன் கடல்

அட்டன் நகரம் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகளிற் பலர் கடலைப் பாடப்புத்தகப் படத்தில் மட்டுமே கண்டவர்கள். அவர்களுடைய முன்னோரோ கடல் கடந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்கள். நடந்து முடிக்காமல் வழியிலேயே மடிந்தவர்களும் அவர்களில் எத்தனையோ பேர். பின்னர், 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பிற்று. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். ஏற்றப்படவும் இறக்கப்படவுமே இம்மக்கள் கடலுக்குச் சென்றார்கள். நின்று வேடிக்கை பார்க்க அதனிடம் சென்றதில்லை.

இத்தகைய மலையில் கடற்பிராணி ஒன்றை வளர்த்த கதையை எழுத வந்திருக்கிறோம்.

எம்மோடு கற்பிக்கும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரும் நாமும் ஒரே வீட்டிற் குடியிருக்கிறோம். கடல்நீர்த் தொட்டி அவருடைய ஆசை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அறுபது லீற்றர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினார். நீர்கொழும்பிலிருந்து மூன்று பிளாஸ்டிக் கலன்களிற் கடல்நீர் பஸ்ஸில் வந்தது. அவ்வாண்டுதான் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் நீர்கொழும்புக் கரையெல்லாம் ஒதுங்கின. மீனவர் பலர் தொழிலிழந்தனர். ஆகவே நீரைத் துணியில் வடித்தே தொட்டியில் ஊற்றினோம். கறியுப்பைக் கரைத்தால் ஆகாதா என்று மாணவர் கேட்டனர். ஆகாது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஆனால் அது ஓர் உப்பன்று, பல உப்புக்களின் கூட்டு. தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும். கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா நஞ்சு. அதைப் படிப்படியாக மாற்றித் தீங்கு குறைந்த நைத்திரேற்று ஆக்கும் பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறச் சில வாரங்கள் செல்லும். அதுவரை உயிர்களை விடலாகாது என்று நண்பர் கண்டிப்பாய் இருந்தார். ஒரு மீனவர் தமது வலையிற் சிக்கிய செத்த பவளக்கல் ஒன்றைக் கொடுத்திருந்தார். அது மட்டும் தொட்டியிற் கிடந்தது.

ஆறு வாரத்தின்பின் இரண்டு கடல் நத்தைகளை விட்டோம். இரண்டே இரவில் அவற்றின் ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. நள்ளிரவில் தொட்டிக்குள் 'டிக்' என்றொரு சத்தம். யாரோ சிறு சுத்தியலால் தட்டுவதுபோல் இருந்தது. கல்லின் துளையொன்றில் இரு கண்கள், தண்டின் மேல் வைத்தவை, தனித்தனியே சுழன்று எம்மைப் பார்த்தன.

விரலளவே நீளமான பச்சை நிறப் பிராணி. இறால் என்று பொதுவிற் சொன்னாலும் உண்மையில் இறாலினத்தைச் சேர்ந்ததன்று, வேறொரு வருணம், நானூறுக்கு மேற்பட்ட வகைகளைக் கொண்டது. கும்பிடுபூச்சியைப் போல முன்னங்கால்களை மடித்து வைத்திருக்கும். மாலையிற் படிக்க வரும் தோட்டப் பிள்ளைகள் 'கும்பிடு இறால்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சிறுவன் கேட்டான்: "சேர், இது கும்பிடுதா, அடிக்கப் போவுதா?"

கேள்வி சரியானதே. மடித்த அக்கால்தான் ஆயுதம். இவ்வினத்தில் ஈட்டி போற் குத்துபவை உண்டு. சுத்தியல் போல அடிப்பவை உண்டு. எமது தொட்டியில் இருந்தது சுத்தியற்காரன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷீலா பாட்டெக் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் 2004ஆம் ஆண்டில், பெரிய வகையொன்றின் அடி வினாடிக்கு 23 மீற்றர் வரை வேகம் கொள்வதைக் கணக்கிட்டனர். அதாவது மணிக்கு எண்பது கிலோமீற்றருக்கு மேல், அதுவும் நீருக்குள். தசையால் மட்டும் அவ்வேகம் வராது. வில்லை நாணேற்றிப் பூட்டி வைப்பதுபோல, ஓட்டின் ஒரு பகுதியை வளைத்துப் பூட்டி, சட்டென விடுவிக்கிறது. அவ்வேகத்தில் நீரிற் குமிழிகள் தோன்றி உடைகின்றன. உடையும் குமிழியும் இரையை மறுபடி தாக்குகிறது. 1998இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் நகரக் காட்சிசாலையில் டைசன் என்று பெயரிடப்பட்ட ஒன்று கால் அங்குலக் கண்ணாடியையே உடைத்தது. எம்முடையது சிறியது, கண்ணாடி பிழைத்தது.

கண்ணின் கதை இன்னும் விசித்திரம். நிறம் அறிய மனிதக் கண்ணில் மூன்று வகை உணர்கலங்கள், இதற்குப் பன்னிரண்டு. எனவே நாம் காணாத எண்ணற்ற நிறங்களை இது காணும் என்று எல்லோரும் வியந்திருந்தார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வு, அடுத்தடுத்த நிறங்களைப் பிரித்தறிவதில் இது எம்மிலும் குறைந்ததே என்று காட்டிற்று. கருவி மிகுந்தால் அறிவும் மிகும் என்ற எண்ணத்துக்கு இது நல்ல மருந்து. மாணவருக்கும் ஆசிரியருக்கும் சேர்த்துத்தான்!

பின்னர் 2022 வந்தது. பெப்ரவரியில் தலைகாட்டிய மின்வெட்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அட்டனின் இரவுக் குளிரைத் தாங்கும் பிராணியன்று இது. 26 பாகை வெப்பத்தில் வாழ்வது. சூடேற்றியும் காற்றூதியும் நின்றுபோயின. பிள்ளைகள் முறைவைத்து வந்தார்கள். ஒருவர் குவளையில் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார். நீரிற் காற்றுக் கலக்கும். ஒருவர் விறகடுப்பில் வெந்நீர் வைத்துப் போத்தல்களில் அடைத்து மிதக்க விடுவார். கொழுந்தெடுக்கும்போது தாய் உடுத்திய பழைய கம்பளியை ஒரு மாணவி கொண்டுவந்து தொட்டியைச் சுற்றினாள். எரிபொருள் இன்றி பஸ்கள் நின்றபோது புதிய கடல்நீரும் நின்றது. தீனியைக் குறைத்தோம். கடையில் எதுவும் வாங்கவில்லை. ஓடையில் பொறுக்கிய நத்தைகளே அதன் ஆகாரம்.

அவ்வேளையில் சக ஆசிரியர் ஒருவர் நேராகவே கேட்டார்: "பிள்ளைகள் பட்டினியோடு வருகிறார்கள். உங்களுக்கு இறால் ஒரு கேடா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கோதுமை மா விலை ஏறி, லயங்களில் ரொட்டி பாதியாயிற்று. உணவின்மையில் நகரத்தையும் கிராமத்தையும் விடத் தோட்டத்துறையே மோசமாக இருப்பதை அவ்வாண்டின் சர்வதேச மதிப்பீடும் சொல்லிற்று. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தையே 2021இல்தான் கண்ட மக்கள் அவர்கள். காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நாமும் தூக்கியிருக்கிறோம். ஆசிரியர்கள் பணம் சேர்த்துச் சில வாரங்கள் கஞ்சி கொடுத்தோம், போதவில்லை.

ஆனாலும் அந்தக் கேள்விக்குள் இன்னொரு குரலும் ஒலிப்பதாக எமக்குத் தோன்றிற்று. கொழுந்தெடுக்கும் கைக்கு எழுத்தெதற்கு என்பது துரைமாரின் பழைய கணக்கு. 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை பல தோட்டப் பாடசாலைகள் ஒற்றை மண்டபமும் ஓராசிரியருமாக, சில வகுப்புக்களோடு முடிந்தமைக்கு அக்கணக்கே காரணம். முதலில் வயிறு, பிறகு அறிவு என்பது கேட்க இரக்கமாக இருக்கும். அந்தப் 'பிறகு' நூறாண்டாக வரவில்லையே! பசித்த பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்பதற்காக நாம் போராடுவோம். அதே பிள்ளை பன்னிரண்டு உணர்கலங்களைப் பற்றி அறியும் உரிமையை அதற்காக ஒத்திவைக்க மாட்டோம். நண்பர் முற்றாக ஏற்கவில்லை. எனினும் இரண்டொரு மாலைகளில் அவரும் வந்து குவளை பிடித்தார்.

ஒன்று மட்டும் கூறவேண்டும். காசு கொடுத்து இத்தகைய உயிர்களை வாங்குவதை நாம் ஆதரிக்கவில்லை. எமது கடல்களின் அழகிய மீன்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் விமானமேறுகின்றன. அவற்றுக்காக ஆழத்தில் மூழ்கும் சுழியோடி, விரைந்து மேலெழுந்து உடல் முடங்கினால், அவனை எந்தத் தொட்டிக்காரரும் அறியார்.

மே மாதத்தில் பிராணி கூழாங்கற்களால் துளையை அடைத்துக்கொண்டது. செத்தது என்றனர் சிலர். சட்டை கழற்றுகிறது என்றார் விஞ்ஞான ஆசிரியர். ஒன்பதாம் நாள் வாயிலிற் பழைய ஓடு கிடந்தது, கண்ணின் வடிவம் வரை அப்படியே.

கம்பளி கொண்டுவந்த மாணவி இதையெல்லாம் கோடிட்ட கொப்பியில் நாள்வாரியாக எழுதிவந்தாள். இப்போது உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலையைத் தேடி நாள்தோறும் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். அருகில் அப்பிரிவு இல்லை. கொப்பியை இளைய பிள்ளைகள் இருவரிடம் கொடுத்துச் சென்றாள். அவளுடைய கையெழுத்திலுள்ள கடைசிக் குறிப்பு: "இரவு 7.40. கரண்ட் இல்லை. நீர் 21 பாகை. இரண்டு தடவை தட்டியது. ஏன் என்று தெரியவில்லை."