உடவத்தகெலே வழிகள்

தாமாகவே முளைத்துத் தாமாகவே வீழும் மரங்களிடையே நடக்க விரும்பும் பேராதனை மாணவர் தொலைவு செல்லவேண்டியதில்லை. கண்டியிலே தலதா மாளிகைக்குப் பின்னெழும் குன்றின்மேல், பஸ்களின் இரைச்சல் எட்டும் தூரத்திலேயே, ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்பில் உடவத்தகெலே விரிந்து கிடக்கின்றது. மன்னர் காலத்திற் குடிமக்கள் புகலாகாதிருந்தமையால் 'தஹனம் கெலே', அதாவது விலக்கப்பட்ட காடு, என்றும் அது வழங்கிற்று. 1938இற் சரணாலயமாயிற்று. இன்று நுழைவுச்சீட்டுப் பெற்ற எவரும் அரச குளத்தருகே அமரலாம்.

உள்ளே செல்லும் பாதைகள் பலவற்றுக்குத் தேசாதிபதிகளின் மனைவியர் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன. அவர்களுள் ஹோட்டன் சீமாட்டியார், 1831 முதல் 1837 வரை இந்நாட்டை ஆண்ட தேசாதிபதியின் துணைவியார். 1814இல் இலண்டன் விருந்தொன்றில் இவரைக் கண்டதன் விளைவே பைரனின் புகழ்பெற்ற கவிதையொன்று என்பர். மழைக்காலத்தில் அச்சீமாட்டியார் வழியில் அரசோச்சுவன அட்டைகளே. காலிற் சவர்க்காரம் பூசிச் செல்வோர் ஓரளவு தப்புவர்.

பைரனை அறிந்தோரும், குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிய 99 பூக்களை ஒப்புவிக்க வல்லோரும் நம்மிடையே உளர். ஆயினும் வழியோரத்து நாகமரத்தையும் சண்பகத்தையும் இனங்காட்ட வல்லோர் சிலரே. பெயரறியாதார்க்குக் காடு முழுவதும் ஒரே பச்சை. பெயரறிந்தார்க்கோ அப்பச்சை அச்சந் தருவது. ஏனெனில் காலடியில் அடர்ந்து நிற்கும் நாற்றுக்கள் பல இடங்களில் ஒரே இனத்தவை.

அது பெரு பால்சம். பெரு நாட்டுக்கும் அதற்கும் உள்ள உறவு கப்பலேறிய உறவே: மத்திய அமெரிக்காவில் எடுக்கப்பட்ட பிசின் பெருவின் துறைமுகம் வழியாக ஐரோப்பாவை அடைந்தமையால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. பிரித்தானியர் காலத்தில் இங்கு வந்த இம்மரத்தின் விதை ஒற்றைச் சிறகுடையது. காற்றிற் சுழன்று தாய்மரத்துக்கு அப்பாலும் விழும்.

இத்தகைய மரத்தை 'வந்தேறி' என எழுதுகின்றனர். அச்சொல்லை எழுத என் கை கூசுகின்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றோராக்கப்பட்ட மண்ணிலே, எவர் எங்கிருந்து வந்தார் என்னும் வினா மரத்தோடு நிற்பதில்லை. இம்மரத்தின்மீது நான் கொண்ட குறை அது கடல் கடந்து வந்ததன்று. தன் நிழலிற் பிறிதொரு கன்றையும் தலையெடுக்கவிடாமையே. நம் வளாகத்து அயல்நாட்டு மரங்கள் பல எவரையும் நெருக்காது நிற்கின்றன. அவற்றை எவரும் குறைகூறார்.

சரணாலயத்திற் கோடரியா என நண்பர் சிலர் வினவுவர். வேண்டும் என்பதே என் விடை. ஆயின் கோடரி கடைசியில் வரட்டும். மழை பெய்த மறுநாள் ஈரமண்ணிலிருந்து நாற்றுக்கள் வேரோடு கைக்கு வரும். முதிர்ந்த மரத்தை ஒரேயடியாக வீழ்த்தினால் அடியில் எஞ்சிய நல்ல கன்றுகளும் நசியும். திறந்த வெளிச்சத்தில் முந்தி எழுவனவும் பெரும்பாலும் அதன் பிள்ளைகளே. ஆகவே நாற்றுக்களைக் களைந்து, நாகமும் சண்பகமும் நட்டு, அவை வேர்பிடித்த பின்னரே பெரிய மரங்களின் பட்டையை வளையமாகச் செதுக்கி, நின்றபடியே மெல்ல உலரவிடலாம்.