ஹெரால்டும் உப்புக்காத்தும்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டை ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா சிரிப்பாங்க. ஆனா 1962-ல் இங்கிலாந்துல வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், அசல் ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், ட்ரையம்ப் ஹெரால்டோட சேஸிஸைக் குட்டையாக்கித்தான் செஞ்சது. ரெண்டுக்கும் உருவம் வரைஞ்சதும் ஒரே ஆளு, இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. அதே ஹெரால்டுதான் 1961-ல் இருந்து ஸ்டாண்டர்ட் பேருல சென்னையில தயாராச்சு. அதனால சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் :-)

ராஜாக்கமங்கலத்து மாமாகிட்ட ஒண்ணு இருக்கு. 1966 மாடல், ரெண்டு கதவு, 948 சிசி. பதினெட்டு வருசமா சாய்ப்புல கிடந்தது. மாமாவுக்கு எண்பது ஆச்சு. சுசீந்திரம் மார்கழித் தேருக்கு இந்தக் காருலதான் போவேன்னு ஒரே பிடிவாதம்.

இஞ்சின் பெரிய பாடு இல்ல. பாடிதான் பாடு. நம்ம ஊருல ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. நடுவுல கடக்காத்து. தகட்டுல படியிற உப்பு காத்துல உள்ள ஈரத்தை இழுத்து வச்சுக்கிடும். வெயில்லயும் முழுசா காயாது. துரு உள்ளேயிருந்து தின்னுட்டே வரும், வெளிய பெயிண்ட் மினுங்கும்.

முதல்ல பாத்த பட்டறையில "ரெண்டு வாரம், பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சுத் தாறோம்"னாங்க. கும்பிட்டுட்டு வந்தாச்சு. ரெண்டாவது கோட்டாறு பக்கம் ஒரு டிங்கர் அண்ணாச்சி. சட்டைப்பையில இருந்து சின்ன காந்தத்தை எடுத்துக் கதவுக்குக் கீழ வச்சார். டொக்குனு தரையில விழுந்தது. "மக்கா, நிக்கது தகடு இல்ல, பட்டியாக்கும்." சுரண்டினா உள்ள சாக்கும் பேப்பரும்! எந்தக் காலத்துல எந்தப் புண்ணியவான் செஞ்சானோ.

ஹெரால்டுல ஒரு வசதி உண்டு. முழு பாடி செஞ்சு கொடுத்துட்டு இருந்த கம்பெனி போட்டிக்காரன் கைக்குப் போகவும், ட்ரையம்ப்காரன் பாடியைத் துண்டு துண்டா செஞ்சு தனி சேஸிஸ் மேல போல்ட் போட்டு முறுக்கிட்டான். பானெட் மட்கார்டோட சேந்து முன்பக்கமா மொத்தமா தூக்கும். கூரையைக்கூடக் கழட்டலாம். கதவுக்குக் கீழ ஓடுற சில் வெறும் மூடிதான், பாரம் சுமக்கிறது சேஸிஸோட பக்கக் கைகள். ஸ்பிட்ஃபயர்ல அந்தக் கைகள் கிடையாது, சில்தான் சுமக்கும். முட்டுக் கொடுக்காம வெட்டினா பாடி வளைஞ்சு கதவு அடைக்காது.

போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊத்தி ரெண்டு நாள். அப்புறம் துருவை நல்ல தகடு தெரியிறவரை வெட்டி 20 கேஜ் தகட்டுல ஒட்டு. ஒரேயடியா வெல்டிங் இழுத்தா சூட்டுல அப்பளம் மாதிரி நெளியும். இங்க ஒரு புள்ளி, அங்க ஒரு புள்ளி, நடுவுல ஈரத்துணி, அப்புறம் சுத்தியல். ஒவ்வொரு ஒட்டுக்கும் கதவை மாட்டிப் பாத்தார் அண்ணாச்சி. நமக்குத்தான் பொறுமை போச்சு.

'கூரையை எடுத்துட்டு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஆக்கிரலாமே'ன்னு மச்சான் ஒருத்தன் ஆரம்பிச்சான். 2021-ல் வந்த விதிப்படி, 50 வருசம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு வேணும்னா சேஸிஸ், பாடி, இஞ்சின் எதையும் மாத்தியிருக்கக் கூடாது. அதைச் சொன்னதும் அடங்கிட்டான்.

சண்டை வந்தது ஒரு நெளிசலுக்கு. இடது மட்கார்டுல, 1974-ல் அத்தை ஓட்டிப் பழகும்போது தென்னையில இடிச்சது. அத்தை இப்ப இல்ல.

"ஓய், அதைத் தொடாதயும்"னார் மாமா.

"நெளிசலை விட்டா எம்பேருல்லா கெடும்? அதுக்குள்ளயும் துரு இருக்கு."

மூணு நாள் பேச்சுவார்த்தை இல்ல. கடைசியில அண்ணாச்சி பானெட்டைத் தூக்கி, பின்பக்கமா மட்டும் துருவை உரசி எடுத்து ரெட் ஆக்சைடு அடிச்சார். நெளிசல் அப்படியே இருக்கு. "யாரு கேட்டாலும் நான் செய்யலன்னு சொல்லிரும்"னு ஒரு கண்டிசன்.

இன்னும் டிக்கி பாக்கி. கண்ணாடி ரப்பர் கிடைக்கல, கம்பெனி 1988-லயே மூடியாச்சு. கலர் என்னன்னு மாமா இன்னும் வாய் திறக்கல.