பழைய புல்லட்டும் நம் கைகளும்

எங்கள் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பழைய புல்லட்டை எட்டு மாதத்தில் பிரித்து, பூட்டி, ஓட வைத்திருக்கிறோம். 'களத்தில் எவ்வளவோ வேலை கிடக்கிறது, ஒரு வண்டிக்கு இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளா?' என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சட்டப் பிரிவு. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்த குற்றங்களில் ஒன்று பிரிவு 3(1)(இசட்.ஏ)(பி). பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறிச் செல்வதைத் தடுப்பது, செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது, கல்யாண ஊர்வலத்தையும் அதில் குதிரை ஏறுவதையும் தடுப்பது எல்லாம் அதன்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மோட்டார் சைக்கிள் என்ற சொல்லை ஒரு நாட்டின் நாடாளுமன்றம் வன்கொடுமைச் சட்டத்துக்குள் எழுத வேண்டி வந்திருக்கிறது. அப்படியானால் இந்த நாட்டில் வண்டி வெறும் வண்டியாக என்றைக்கு இருந்தது?

இதற்கு நம் மண்ணிலேயே பழைய சாட்சி உண்டு. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதி திராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பதும் அவற்றில் அடக்கம். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாக வளர்ந்தன. கல்யாணத்துக்குக் குதிரையில் போகக் கூடாது, வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் கூடாது என்பது அதில் கடைசி. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஜே.எச்.ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985-இல் பிரிந்ததுதான் சிவகங்கை மாவட்டம். அங்கேதான் 2025 பிப்ரவரியில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்பது குடும்பத்தார் சொன்ன புகார். மூன்று பேர் கைது செய்யப்பட்டார்கள். தொண்ணூற்று நான்கு ஆண்டுகளில் குதிரை போய் மோட்டார் வந்திருக்கிறது. ஏறக் கூடாது என்ற கட்டளை அப்படியே இருக்கிறது.

இந்தச் செய்தி வந்த மாதத்தில்தான் ஒரு புல்லட் விலைக்கு வந்தது. 1988 மாடல், இரும்பு போர் வைத்த 350 சி.சி. எங்கள் பக்கத்துப் பண்ணை வீட்டு வண்டி. அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டாலே வரப்பில் இறங்கி, தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்கள் எங்கள் பெரியவர்கள். வாரிசுகள் நகரத்துக்குப் போய்விட, வண்டி பதினோரு வருடம் மாட்டுத் தொழுவத்தில் கிடந்தது. டேங்குக்குள் துரு. சீட்டுக்குள் எலி. தரகர் மூலமாகச் சீட்டுப் பணம் எடுத்து வாங்கினோம். யாருக்குப் போகிறது என்பது படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போடும்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

வண்டியை அப்படியே ஒரு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருக்கலாம். நாங்களே திறப்பது என்று முடிவு செய்ததற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையில் நடந்த இரண்டு பயணங்கள் காரணம். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவருடைய சிறு நூலில் இரண்டும் இருக்கின்றன.

1901-இல் சிறுவன் பீம்ராவ் உடன்பிறந்தவரோடும் உறவுப் பிள்ளைகளோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு: இரட்டைக் கூலி, மாட்டைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார்.

1929-இல் அதே பீம்ராவ், பாரிஸ்டர் அம்பேத்கராக, பம்பாய் அரசின் விசாரணைக் குழு உறுப்பினராக, சாலிஸ்காவ் நிலையத்தில் இறங்குகிறார். தீண்டத்தகாதவரை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று குதிரை வண்டிக்காரர் மறுக்கிறார். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருகிறார். நம் தலைவரை நடக்க விடுவதா என்று சேரி மக்களில் ஒருவர் கடிவாளத்தைப் பிடிக்கிறார். அவருக்கு வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்தின் மேல் சக்கரம் சிக்கி, அண்ணல் கல் தளத்தில் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுகின்றன.

முதல் கதையைப் பலரும் மேடையில் சொல்வார்கள். இரண்டாவது கதையை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சாலிஸ்காவ் மக்களிடம் மானம் இருந்தது, அன்பு இருந்தது. கடிவாளம் பிடிக்கும் பயிற்சி மட்டும் இல்லை. அந்தப் பயிற்சி கிடைக்காதபடி பார்த்துக்கொண்டது சாதி. ஒரு கருவியை நம்மிடமிருந்து விலக்கி வைப்பது பாதி வேலைதான். அந்தக் கருவியைப் பற்றிய அறிவை விலக்கி வைப்பது மீதி. கடன் வாங்கிப் புது வண்டியில் ஏறிவிட்டால் முதல் பாதியை உடைத்துவிடலாம். இரண்டாவது பாதியை உடைக்க ஸ்பானர் பிடிக்க வேண்டும்.

எங்கள் ஐந்து பேரில் மூத்தவர் பெரியப்பா. பன்னிரண்டு வயதில் டவுனில் ஒரு பட்டறையில் சேர்ந்து இருபத்தாறு வருடம் இருந்தவர். மண்ணெண்ணெயில் எஞ்சின் கழுவுவது, பஞ்சர் பார்ப்பது, டீ வாங்குவது அவர் வேலை. டைமிங் வைக்கிற நேரம் வந்தால் முதலாளி சரியாக டீக்கு அனுப்புவாராம். இருபத்தாறு வருடமும் அவர் அங்கே 'பையன்'தான். பின்னால் வந்து சேர்ந்த முதலாளியின் சொந்தக்காரப் பையன்கள் மூன்றே வருடத்தில் மெக்கானிக் ஆகித் தனிப் பட்டறை போட்டார்கள். சாதி என்பது வேலைகளைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று அண்ணல் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியது எங்களுக்குப் பெரியப்பாவின் கதையில்தான் முழுதாகப் புரிந்தது. ஒரே பட்டறை, ஒரே எண்ணெய்க் கறை. ஆனால் எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்கும் உரிமை எல்லோருக்கும் இல்லை.

மற்ற நால்வரில் இருவர் பாலிடெக்னிக் மாணவர்கள், ஒருவர் ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், ஒருவர் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் தங்கை.

எஞ்சினை இறக்கி ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் துருவோடு போரில் ஒட்டிக்கொண்டிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி நான்கு நாள் விட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கினோம். போரில் தேய்மானம் இருந்ததால் லேத் பட்டறையில் போரிங் செய்து, ஒரு சைஸ் கூடுதலான பிஸ்டனும் ரிங்குகளும் போட்டோம். வால்வுகளைப் பசை தடவி உட்காரவைத்தோம். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் பெயர் எழுதிய தீப்பெட்டிக்குள் போனது. எதை எந்த வரிசையில் கழற்றினோம் என்று ஒரு நோட்டில் படம் வரைந்து வைத்தோம். பூட்டும்போது அந்த நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினால் போதும்.

இந்த எஞ்சினின் உயிர் டைமிங்கில் இருக்கிறது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிஸ்டன் உச்சிக்கு வர ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். ஏன் முன்கூட்டியே? தீப்பொறி பட்டதும் பெட்ரோல் கலவை முழுவதும் ஒரே நொடியில் எரிந்துவிடாது. தீ பரவ நேரம் வேண்டும். பிஸ்டன் உச்சியைத் தாண்டும்போது அழுத்தம் முழுதாகத் தயாராக இருக்க வேண்டும். ரொம்ப முன்னால் வைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்க்கும். பின்னால் வைத்தால் எஞ்சின் சூடாகிச் சக்தி இழக்கும். இதையெல்லாம் படம் போட்டுச் சொன்னது தங்கை. கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா சொன்னார்: "இதுக்குத்தானா பாப்பா அந்த மனுசன் பீடித்தாள வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு? நான் என்னமோ மந்திரம்னு நெனச்சேன்."

பாயிண்ட்டுக்கு நடுவில் மெல்லிய தாளை வைத்து, எஞ்சினை மெதுவாகச் சுற்ற வேண்டும். தாள் பிடி விட்டு நழுவுகிற இடம்தான் பாயிண்ட் திறக்கிற இடம். பெரியப்பாதான் அதைச் செய்தார். அறுபத்து மூன்று வயதில், ஆயிரம் எஞ்சின்களைக் கழுவிய கை முதல் தடவையாக ஒரு எஞ்சினுக்கு டைமிங் வைத்தது. புஷ்ராடைச் சரிசெய்வதில் அவர்தான் எங்களுக்கு ஆசிரியர். ராடு விரலால் சுற்றினால் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பது அவர் விரலுக்குத் தெரியும். புத்தகத்தில் படித்த எங்களுக்குப் பத்து நாள் பிடித்தது. படித்த அறிவும் கை அறிவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை அன்று பார்த்தோம்.

பிறகு வண்டியை எங்களுக்கு ஏற்றபடி மாற்றுவது பற்றிய விவாதம். டேங்க்கில் அண்ணலின் படம் வரைய வேண்டும் என்று தம்பிகள் சொன்னார்கள். பெரியப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "தலைவர் படத்தக் கொண்டுபோயி காலுக்கு நடுவுலயா வைப்பீங்க?" நீலம் மட்டும் போதும் என்றானது. உப்புத்தாள் போட்டுத் துரு எடுத்து, பிரைமர், பட்டி, மறுபடி உப்புத்தாள், பிறகு பெயிண்ட். டேங்க் ஓரத்தில் பொன் நிறக் கோட்டைக் கையாலேயே இழுத்தோம். திருவொற்றியூர் தொழிற்சாலையில் புல்லட் டேங்க்குகளுக்குக் கையால்தான் கோடு இழுத்து வந்தார்கள். எங்கள் கோடு கொஞ்சம் நடுங்கித்தான் இருக்கிறது.

சத்தம் போடும் சைலன்ஸர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தயாரிப்பின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. நம் வண்டியை நிறுத்தக் காரணம் தேடுகிறவர்களுக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுக்க வேண்டுமா? நம்பர் பலகையில் எண்ணைத் தவிர வேறு எழுத்தில்லை. புது நிறத்தை ஆர்.சி. புத்தகத்தில் பதியக் கொடுத்தோம். பதினைந்து வருடம் கடந்த வண்டி என்பதால் படிவம் 25 கொடுத்து, ஆய்வாளரிடம் காட்டி, பதிவைப் புதுப்பித்தோம். பின்னால் மூட்டை ஏற்றும் அளவுக்கு ஒரு கேரியர், பெண்கள் உட்காரும்போது துணி சிக்காதபடி பின்சக்கரத் தடுப்பு, இரண்டு ஹெல்மெட். இவ்வளவுதான் எங்கள் அலங்காரம்.

இந்தப் பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். அதனால் ஒரு விதி வைத்தோம்: ஏரிக்கரைச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகாமல் யாரும் இதை பஸ் ரோட்டுக்கு எடுக்கக் கூடாது. சாலிஸ்காவ் பாலம் எங்கள் மனதில் இருந்தது. முதலில் ஐம்பதை முடித்தது தங்கை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் சினிமாவில் புல்லட் பல காலமாகப் பண்ணையாரின் வண்டி, மீசை முறுக்குகிறவரின் வண்டி. அதில் நாம் ஏறும்போது அந்த மீசையையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளக் கூடாது. வரப்பில் இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொருவரை வரப்பில் இறக்கினால், நாம் வாங்கியது அந்த வீட்டின் வண்டியை மட்டுமல்ல, அதன் புத்தியையும்தான். தெருவுக்குள் வேகம் கூடாது, பெண்கள் கேட்டால் சாவியை மறுக்கக் கூடாது, பிரசவ வலி என்றால் யாருடைய முறையாக இருந்தாலும் வண்டி முதலில் அதற்கு. இவை எங்கள் விதிகளில் இருக்கின்றன.

மாணவத் தோழர்களுக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. வண்டி யாருடையதாக இருந்தாலும் ஆர்.சி., காப்பீடு, உரிமம் மூன்றும் கையில் இருக்கட்டும். சாதிப் பெயர் சொல்லி வண்டியை நிறுத்தினால், இறங்கச் சொன்னால், தேதி, நேரம், இடம், சாட்சி எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். புகார் மனுவில் மேலே சொன்ன பிரிவைக் குறிப்பிடுங்கள். மூன்றாவது, உங்கள் தெருவிலும் பட்டறைகளில் 'பையன்' ஆகவே முடி நரைத்த ஒரு பெரியப்பா இருப்பார். அவரைத் தேடிப்போய் உட்காருங்கள். அவர் விரலில் இருப்பதை நோட்டில் எழுதுங்கள். உங்கள் நோட்டில் இருப்பதை அவருக்குச் சொல்லுங்கள்.

எங்கள் திண்ணையில் இப்போது ஒரு டி.வி.எஸ். 50 பிரிந்து கிடக்கிறது. மீன் விற்கப் போகும் அக்கா ஒருவருடையது. கார்ப்பரேட்டரை அவரே கழற்றிக் கழுவினார். ஜெட் அடைப்பை எப்படி எடுப்பது என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் மகளுக்கு அவரே சொல்லிக்கொடுக்கப் போகிறாராம்.

ஜெய்பீம்.